யார் எழுதிய கணக்கு?

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' என்னும் நாவலை நம் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றரை மாதத்தில் படித்து முடித்தேன். தாமதத்திற்கு அபராதமும் கட்டினேன். 1949-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த நூல் அது. தலைப்பிலுள்ள ஆண்டு கடந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் உலகெங்கும் அதைத் தேடிப் படிக்கிறார்களே, ஏன்?

விடுதி நண்பர்களைக் கேட்டால், வீட்டுச் சுவரிலிருந்தே மனிதனை வேவு பார்க்கும் அந்தத் திரைதான் காரணம் என்கிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. கருவிகள் பழசாகிவிடும். இன்றைய கேமராக்களுக்கு முன் ஆர்வெல்லின் திரை விளையாட்டுப் பொம்மை. என் தூக்கத்தைக் கெடுத்தது திரையன்று, ஒரு சாக்லெட் துண்டு.

கதைநாயகன் வின்ஸ்டன், 'உண்மை அமைச்சக'த்தில் வேலை பார்ப்பவன். பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதுவதே அவன் பணி. சாக்லெட் ரேஷன் 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைக்கப்படுகிறது. குறைக்கமாட்டோம் என்று அரசு முன்பு கொடுத்த வாக்குறுதியை அவனே மாற்றி எழுதுகிறான். மறுநாள் பார்த்தால், ரேஷனை 20 கிராமாக உயர்த்தியதற்கு நன்றி கூறி ஊர்வலம்!

கற்பனைதானே என்று தள்ளிவிட முடியவில்லை. 1953-இல் சோவியத் நாட்டில் பெரியா பதவியிழந்த பின், பெருங்கலைக்களஞ்சியம் வாங்கியிருந்தவர்களுக்குப் புதிய தாள்கள் வந்தன. பெரியா பற்றிய பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டு, பெரிங் கடல் முதலியன பற்றிய இத்தாள்களை ஒட்டிக்கொள்ளுங்கள் என்பது அறிவுரை. ஆர்வெல் 1950 ஜனவரியிலேயே காசநோயால் இறந்துவிட்டார். இருந்திருந்தால் சிரித்திருப்பாரோ, என்னவோ!

தாவரவியல் படிக்கும் நமக்கு இன்னொன்று நெஞ்சைத் தொடும். மெண்டலின் பட்டாணியை நாம் முதலாண்டிலேயே பார்த்துவிட்டோம். அதே மரபியலை 1948 ஆகஸ்டில் ஒரு கூட்டத்தில் பொய்யென்று முடிவுகட்டி, லைசென்கோவின் கொள்கையே சரியென்று சோவியத் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். உலகெங்கும் அலைந்து விதை திரட்டிய வவிலோவ் 1943-இலேயே சரடோவ் சிறையில் மாண்டிருந்தார். பட்டாணிச் செடிகளுக்குத் தீர்மானத்தின் நகல் கிடைக்கவில்லை போலும். அவை மூன்றுக்கு ஒன்று என்றே காய்த்தன.

இது ஒரு நாட்டைத் தாக்கும் நூல் மட்டுமே என்பாரும் உளர். நான் உடன்படவில்லை. பீகாரின் மோதிஹாரியில் 1903-இல் பிறந்த ஆர்வெல், பர்மாவில் வெள்ளை அரசின் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். சோஷலிசத்தை இறுதிவரை விடாதவர். அதிகாரத்தை அவர் உள்ளிருந்தே பார்த்தவர்.

நண்பர்களே, என் வீட்டில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். நான் ஏழாம் வகுப்பு படித்தபோது அப்பா ஒருவரிடம் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். கைநாட்டு வைத்துத்தான். ஒவ்வொரு தவணை கட்டியதும் வீட்டுச் சுவரில் ஒரு கரிக்கோடு போடுவார். பதினோரு கோடு ஆனபோது, கடன் கொடுத்தவர் நோட்டில் ஏழுதான் இருந்தது. "நோட்டுல என்ன இருக்கோ அதான் கணக்கு" என்றார் அவர். நான்கு தவணையை மறுபடியும் கட்டினோம்.

வின்ஸ்டன் பழைய கடையொன்றில் வெற்று நோட்டு வாங்கி, ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதுகிறான். அகப்பட்டால் மரணம், அல்லது இருபத்தைந்தாண்டுக் கட்டாய உழைப்பு. ஆனாலும் எழுதுகிறான். பிறர் நோட்டின் முன் வாயடைத்து நின்ற எவரும், எந்த நாட்டினராயினும், அந்தப் பக்கத்தில் தம்மைக் காண்பார்கள். இந்நூல் சாகாமலிருப்பது அதனால்தான் என்பது என் கருத்து. இறுதியில் வின்ஸ்டன் தோற்றுப்போகிறான் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பாவின் கோடுகள் இன்னும் இருக்கின்றன. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அம்மா அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடுவார்.