மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்



லெந்து நாட்களில் நம் சபைகளில் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் ஈஸ்டர் முடிந்த கையோடு ஏப்ரலிலும் மே மாதத்திலும் கல்யாணங்கள் வரிசைகட்டி நிற்கும். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பல வீடுகளில் அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருக்கும். ஆலயத்தில் ஓலை வாசிக்கத் தொடங்கியிருப்பார்கள். மூன்று ஞாயிறுகள் சபையார் முன்னிலையில் இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று ஆயர் கேட்பார். ஏற்கெனவே மணமானவரா, கூடாத உறவுமுறையா என்பதைத்தான் நாம் தடையாக நினைக்கிறோம். இந்தக் கல்யாணத்துக்காகப் பெண்ணின் தகப்பனார் குடியிருக்கும் வீட்டை அடகு வைத்திருக்கிறாரே என்று எழுந்து சொன்ன ஒருவரை நான் எந்த ஆலயத்திலும் பார்த்ததில்லை.

மாறிவரும் காலத்தில் கிறிஸ்தவ ஒழுக்கத்தைக் காப்பது எப்படி என்று கேட்டு நீங்கள் எழுதும் கடிதங்களைக் கவனமாக வாசிக்கிறேன். கைப்பேசி, பிள்ளைகளின் உடை, காதல், சினிமா என்று கவலைகள் நீளுகின்றன. பெற்றோரின் அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் வரதட்சணையைப் பற்றி அநேகமாக யாருமே எழுதுவதில்லை. அது நம் பிள்ளைகள் வெளியிலிருந்து கொண்டுவந்த பழக்கம் இல்லை. பெரியவர்களாகிய நாம், வேதாகமம் இருக்கும் அதே கூடத்தில் உட்கார்ந்து பேசி முடிப்பது.

அந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். “நாங்க வாய் தொறந்து ஒண்ணும் கேக்கல. உங்க பிள்ளைக்கு நீங்க செய்றதச் செய்ங்க. எங்க மூத்த மருமக நூறு பவுனோட வந்தா.” கேட்கவில்லை என்ற சாட்சியும் ஆயிற்று, தொகையும் தெரிந்துவிட்டது. பிறகு ஜெபம் செய்து எழுந்துவிடுகிறோம். இப்போது பவுனோடு காரும் சேர்ந்திருக்கிறது. அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம், மாப்பிள்ளையின் மேல்படிப்புக் கடன், குளிரூட்டிய மண்டபம், கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு என்று பட்டியல் நாகரிகமாகிவிட்டது. செலவு மட்டும் பெண் வீட்டின் தலையிலேயே இருக்கிறது.

“பெண்ணுக்குச் சேர வேண்டிய சொத்தைத்தானே கொடுக்கிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வாதத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1916இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், மகளுக்கு மகனுடைய பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் என்றது. சீதனம் வாங்கிப் போனவளுக்கு அதுவும் கிடையாது. கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. திருவிதாங்கூர்ப் பகுதியிலும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் அந்தச் சட்டப்படி சம பங்கு. ஆகவே சொத்து கொடுக்க மனமிருந்தால் மகள் பெயரில் பத்திரம் பதிந்து கொடுக்கலாம். சம்பந்தி கையில் ரொக்கமாகக் கொடுப்பது மகளின் சொத்து ஆகாது.

பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி 1895இலேயே தொடங்கியது. பெண் படிக்க வேண்டும் என்று இந்த மண்ணில் முதலில் சொன்னவர்களில் நம் சபைகளும் உண்டு. அந்தச் சபைகளின் பெண் இன்று பட்டம் பெற்று, வேலை பார்த்து, தன் சம்பளத்திலேயே தன் நகைச் சீட்டைக் கட்டுகிறாள். இதைப் பார்க்கையில் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஏற்கெனவே வாங்கியதை என்ன செய்வது? சகேயுவின் கதையை ஞாயிறு பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். மரத்தில் ஏறிய குள்ள மனிதன் என்பதோடு பிள்ளைகள் நிறுத்திக்கொள்கிறார்கள். பெரியவர்களும் அங்கேயே நின்றுவிட்டோமோ என்று நினைக்கிறேன். இயேசு வீட்டுக்குள் வந்ததும் அவன் எடுத்தது கணக்குப் புத்தகத்தை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நான்கு மடங்காகத் திரும்ப. அவனுடைய மனந்திரும்புதல் ரூபாய் அணாவில் தெரிந்தது.

நான்கு மடங்கு நம்மால் முடியாமல் போகலாம். நம் நாட்டுச் சட்டம் கேட்பது அதைவிடக் குறைவு. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். அதற்கு அந்தச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தண்டனை 5 ஆண்டு சிறை. இது பலருக்குத் தெரியும். அதே சட்டத்தின் 6ஆம் பிரிவை அதிகம் பேர் அறியவில்லை. வரதட்சணை யார் கைக்குப் போயிருந்தாலும் அது மணமகளுக்கே உரியது. கல்யாணத்துக்கு முன் வாங்கியிருந்தால், கல்யாணமான 3 மாதத்துக்குள் அவளிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

மகனுக்குக் கல்யாணம் முடித்துவிட்ட பெற்றோரே, வாங்கியதை மருமகளின் பெயருக்கு மாற்றுங்கள். வங்கியில் அரை மணி நேர வேலை. ஆயர்களே, ஓலை வாசிக்கும் முன் இரு வீட்டாரையும் தனித்தனியே அழைத்து, வரதட்சணை பேசியிருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்களிடம் பொய் சொல்லத் தயங்குகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பெண்ணைப் பெற்றவர்களே, விலை பேசுகிற வீட்டிலிருந்து தைரியமாக எழுந்து வாருங்கள். ஊர் என்ன சொன்னாலும் நாங்கள் உங்கள் பக்கம்.

இந்த மே மாதம் மாப்பிள்ளையாகப் போகும் தம்பிகளே, அம்மாவையும் அப்பாவையும் காரணம் காட்டாதீர்கள். முதல் ஓலை வாசிக்கும் முன் பெண் வீட்டுக்குப் போய், “மாமா, எனக்கு ஒண்ணும் வேண்டாம், யார் கேட்டாலும் கொடுக்காதீங்க” என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்