எண்ணிக் குடிப்போர்

இங்கிலாந்திலே ஒரு கூட்டம் இருக்கின்றது. கையிலே ஒரு குறிப்புப் புத்தகம். பையிலே ஒரு சிறு போத்தல். சனிக்கிழமை காலையிற் புகையிரதம் ஏறி, முன்பின் அறியாத ஓர் ஊரில் இறங்கி, அங்குள்ள மதுச்சாலையினுள் நுழைவர். தாம் இதுவரை குடித்தறியாத பியர் ஏதும் உண்டா என்று பலகையைப் பார்ப்பர். இருந்தால் ஒரு சிறு கிண்ணம், இரண்டு மிடறு, புத்தகத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான், அடுத்த சாலைக்கு நடை. மிச்சம் போத்தலுக்குள் ஊற்றப்பட்டு வீட்டுக்குப் போவதும் உண்டு. 'டிக்கர்' என்று இவர்களை அந்நாட்டார் அழைப்பர். குறியிடுவோர் என்பது பொருள். புகையிரத மேடையில் நின்று எஞ்சின்களின் இலக்கங்களை எழுதிக் களிக்கும் கூட்டத்தினர்க்கு இவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர். ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை சேர்த்தோர் இவர்களுட் பலர். பத்தாயிரத்தைத் தாண்டியோரும் உளர். 2009ஆம் ஆண்டில் இவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படமே வெளிவந்தது.

பியரைப் பற்றி இங்கே எழுதுவானேன் என்று முகஞ்சுளிக்கும் வாசகர் இருப்பர். மது நன்றென்று வாதாட நாம் வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988ஆம் ஆண்டிலேயே மதுவகைகளை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பனவற்றின் முதல் வரிசையிற் சேர்த்துவிட்டது. அந்தத் தீர்ப்பின்மேல் மேன்முறையீடு செய்ய நாம் எவரிடமும் வக்காலத்து வாங்கவில்லை. நாம் பேசப் போவது குடியைப் பற்றியன்று, கணக்கைப் பற்றி. விளைவிப்பவன், வடிப்பவன், நுகர்பவன் என்னும் மூவர்க்கும் இடையே ஒரு பதிவேடு வந்து குந்திக்கொண்டால் யாருக்கு என்ன நேருகின்றது என்பது, நெல்லும் புகையிலையும் மிளகாயும் விளைவிக்கும் கமக்காரர்க்கும், ஏடுகளோடு நாள்தோறும் மல்லாடும் உத்தியோகத்தர்க்கும் தொடர்பற்ற காரியம் என்று எவர் சொல்வார்?

முதலிற் குறியிடுவோர்க்குரிய நன்றியைச் செலுத்திவிடுவோம். 1960களில் பிரித்தானியாவின் பியர் உற்பத்தியிற் பெரும்பங்கு ஆறு பெருங் கம்பனிகளின் கைக்குள் வந்துவிட்டிருந்தது. பீப்பாயினுள்ளே மதுவம் உயிரோடிருந்து முதிரும் பழைய பியரை ஒதுக்கி, வடிகட்டிச் சூடாக்கி வாயு ஏற்றிய பியரை அவை நாடெங்கும் பரப்பின. கெடாது, சிந்தாது, எங்கும் ஒரே சுவை. சுவை என்று சொல்லத்தக்கது ஒன்று இருந்தால்! 1971ஆம் ஆண்டில், அயர்லாந்துக்கு விடுமுறை கழிக்கச் சென்ற நான்கு ஆங்கில இளைஞர் இதனை எதிர்த்து ஓர் இயக்கம் தொடங்கினர். 'கம்ரா' என்று அது இன்று பெயர் பெற்றுள்ளது. நல்ல பியர் கிடைக்கும் சாலைகளை நிரைப்படுத்தி அவ்வியக்கம் 1974ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் வழிகாட்டி நூலைக் கையிற் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவர்களே இன்றைய குறியிடுவோரின் முன்னோர். யாரும் எட்டிப்பாராத சிறு வடிசாலையின் பியரைத் தேடி ஐம்பது மைல் சென்று அரைப் பைந்து குடித்து அவர்கள் கொடுத்த காசு, மூடப்படவிருந்த கதவுகள் சிலவற்றைத் திறந்தே வைத்திருந்தது. இதை மறுப்பது நன்றிகேடு.

அந்நாளிலே மைக்கல் ஜக்ஸன் என்றொரு பத்திரிகையாளர் இருந்தார். (ஆடிப்பாடியவர் அல்லர்; தாடி வைத்த யோர்க்ஷயர்க்காரர்.) 1977ஆம் ஆண்டில் அவர் எழுதிய உலக பியர் வழிகாட்டிதான் பியர்களை அவற்றின் ஊராலும் மரபாலும் வகைபிரித்துப் பேசக் கற்பித்தது. அவரும் குறிப்புப் புத்தகத்தோடு திரிந்தவரே. அவர் சுவைத்த பியர்களின் தொகை எந்தக் குறியிடுவோனையும் நாணச் செய்யும். நமது தீவுக்கும் வந்தார். நுவரெலியாவின் குளிரிலே வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாருக்காகத் தொடங்கப்பட்ட வடிசாலையின் கரிய 'லயன் ஸ்ரவுட்' உலகத்தரமானது என்று அவர் எழுதிய பின்னரே, அப்படியொன்று இலங்கையில் உண்டென்பதை மேனாட்டார் பலர் அறிந்தனர். ஆனால் ஜக்ஸன் எண்ணிக்கைக்காக எழுதியவரல்லர். ஒரு பியரைக் குடித்தால் அதை வடித்தவனோடு பேசினார். எந்தத் தண்ணீர், எந்தப் பார்லி என்று கேட்டார். மறுபடியும் சென்று குடித்தார். முன்பு எழுதியதைத் திருத்தினார். அவருடைய புத்தகத்தில் ஒரு பியருக்கு ஒரு கதை இருந்தது. குறியிடுவோன் புத்தகத்தில் அதற்கு ஒரு கோடு இருக்கின்றது.

பிரித்தானியச் சட்டம் பீப்பாய்ப் பியரை விற்கத்தக்க அளவுகளைக் கண்டிப்பாக வகுத்துள்ளது. அவற்றுள் மிகச் சிறியது மூன்றிலொரு பைந்து, அதாவது ஏறக்குறைய 190 மில்லிலீற்றர். விழாக்களிலே குறியிடுவோர்க்கு உகந்த அளவு இது. அதையும் நால்வர் பங்கிட்டுக்கொள்வதுண்டு. பகல் முழுதும் இருபது முப்பது வகை நாவிற் பட்டால் கடைசிப் பத்தின் சுவையை எந்த நா அறியும்? கசப்பு நாவை மரக்கச் செய்யும் என்பதை வேப்பம்பூ வடகம் தின்ற குழந்தையும் சொல்லும். கலிபோர்னியாவில் ஆண்டுதோறும் நடக்கும் திராட்சைமதுப் போட்டியில், ஒரே போத்தலிலிருந்து ஊற்றிய மதுவை நடுவர்க்குத் தெரியாமல் மும்முறை வைத்துச் சோதித்தார் ரொபேட் ஹொட்சன் என்பவர். மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்புக் கொடுத்த நடுவர் பத்துக்கு ஒருவர் அளவே என்று 2008ஆம் ஆண்டில் வெளியிட்டார். பழகிய நடுவர் நிலை இதுவாயின், கால் கிண்ணம் குடித்துவிட்டு ஐந்துக்கு 3.75 என்று புள்ளி போடுவோனைப் பற்றி என்ன சொல்ல!

ஆம், புள்ளி போடுகின்றார்கள். புத்தகத்தின் காலம் போய்விட்டது. 2000ஆம் ஆண்டில் 'ரேற்பியர்' என்ற இணையத்தளம் தோன்றியது. 2010இல் 'அன்ரப்ட்' என்ற கைத்தொலைபேசிச் செயலி வந்தது. குடித்தவுடன் பதிய வேண்டும், பதிந்தால் பட்டயம். இத்தனை வகைக்கு ஒன்று, இத்தனை நாட்டுக்கு ஒன்று. பள்ளிப் பிள்ளைக்கு நட்சத்திரம் ஒட்டுவது போல வளர்ந்த மனிதர்க்கு ஒட்டுகின்றார்கள், அவரும் மகிழ்கின்றார்.

இந்தப் புள்ளிகளின் வலிமையைப் பெல்ஜியத்திலே ஒரு துறவிமடம் அறிந்தது. வெஸ்ற்விலெற்றரன் என்ற சிற்றூரிலுள்ள சிக்ஸ்ரஸ் மடத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பியர் வடிப்பவர். போத்தலுக்கு நெடுங்காலம் பெயர்த்தாள்கூட ஒட்டியதில்லை. மூடியைப் பார்த்தே இன்னதென்று அறிய வேண்டும். மடத்தின் செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே வடிப்பது அவர்கள் நெறி. 2005ஆம் ஆண்டில் ரேற்பியரிற் புள்ளியிட்டோர் அவர்களுடைய பியர் ஒன்றை உலகிலேயே தலைசிறந்தது என்றனர். அவ்வளவுதான்! மடத்து வாயிலில் வண்டிகள் வரிசை கட்டின, பியர் தீர்ந்தது. வேறெந்த வணிகனும் அன்றைக்கே இரண்டாவது கொப்பரைக்குக் கட்டளை கொடுத்திருப்பான். துறவியர் கொடுக்கவில்லை. தொலைபேசியிற் பதிந்தவர்க்கே இத்தனை பெட்டி என்று வரையறுத்தனர். வாங்கியதை மறுவிலைக்கு விற்காதீர் என்றனர். பின்பு செபம் செய்யப் போய்விட்டனர். உலகம் முதலிடம் கொடுத்ததற்காகத் தம் அளவை மாற்ற மறுத்த அந்தத் திடத்தை, பியரைத் தொடாதவரும் பாராட்டலாம்.

துறவியர்க்கு மடமிருந்தது. மற்ற வடிப்போர்க்கு வாடகையும் கடனும் இருக்கின்றன. அவர்கள் என் செய்வர்?

பெருங் கம்பனிகளின் சாலைகளில் வெளியார் பியர் ஒன்றையும் விற்க இடங்கொடுக்க வேண்டும் என்று 1989இல் பிரித்தானிய அரசு விதி செய்தது. 2002இல் சிறு வடிசாலைகளின் தீர்வையைப் பாதியாகக் குறைத்தது. 1970களின் தொடக்கத்தில் இருநூறுக்கும் குறைவாயிருந்த வடிசாலைகள், 2010களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 2000 ஆயின. இது நல்ல செய்தியே. ஆனால் அந்த 2000 பேரும் ஒரே பலகையில் இடம் பிடிக்க வேண்டும். பலகையைப் பார்ப்போனோ, தான் குடித்ததைத் திரும்பக் குடிக்கமாட்டான். ஆகவே வாரத்துக்கொரு புதுப்பெயர் வேண்டியதாயிற்று. ஒரே கலவையில் பழமோ கோப்பியோ சிறிது சேர்த்து வேறு பெயர் சூட்டினால் அது புத்தகத்தில் வேறு கோடு. சுவை மாறாமலே பெயரை மாற்றினர் சிலர் என்ற முறைப்பாட்டைக் குறியிடுவோரே எழுப்புகின்றனர். தம் தலையில் தாமே மண்ணை வாரிக்கொண்டோர் பிறரை நொந்து பயனென்ன? நாட்பட நாட்படத் திருந்தி, பாட்டன் குடித்ததைப் பேரனும் அடையாளங் கண்டுகொள்ளும்படி நிற்கும் ஒரு பியரை வடிப்பவனுக்கு இந்தக் கணக்கில் மதிப்பு ஒரே ஒரு கோடு; அதுவும் முதல் நாளோடு முடிந்தது.

பதிவேட்டின் கதை இன்னொன்று. ரேற்பியரின் புள்ளிகளையும் குறிப்புகளையும் எழுதியோர் சம்பளம் வாங்காத குடியானவர், எழுத்தர், ஆசிரியர், தச்சர். பெருங் கம்பனிகளுக்கு எதிராக எழுந்த ஆர்வத்தின் பிள்ளை அது. உலகிலேயே மிகப்பெரிய பியர்க் கம்பனியின் கிளையொன்று அதிற் பங்கு வாங்கியது 2017இல் வெளிவந்தது. தம் பியர்ப் பெயர்களை ஏட்டிலிருந்து எடுத்துவிடுமாறு சிறு வடிசாலைகள் சில கேட்டன. 2019இல் முழுதும் அக்கம்பனியின் உடைமை. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் தேதி கதவு அடைக்கப்பட்டது. கால் நூற்றாண்டு உழைப்பு! போட்டியிலிருந்த மற்றொரு தளமாகிய 'பியர் அட்வொக்கேற்'றும் 'அன்ரப்ட்' செயலியும் இதற்கிடையில் ஒரே கம்பனியின் கீழ் வந்துவிட்டன. தாளில் எழுதிய பழைய டிக்கரை நாம் நகைத்தோமே, அவனுடைய புத்தகம் அவன் அலுமாரியில் இன்னும் கிடக்கின்றது. மறைந்துபோன வடிசாலைகளின் வரலாற்றை எழுத வருவோன் நாளை அந்த அலுமாரியைத்தான் தட்டவேண்டி வரும்.

கமக்காரரின் பக்கம் வருவோம். நமக்கு இதில் முதன்மையாகப் படுவது அதுவே.

கேம்பிறிட்ஜில் அமைந்திருந்த பயிர் இனவிருத்தி நிலையம் 1960களின் நடுவில் 'மரிஸ் ஒற்றர்' என்ற பார்லி இனத்தை வெளியிட்டது. இலையுதிர் காலத்தில் விதைத்து மறு கோடையில் அறுப்பது. வடிப்போர்க்கு அது உயிர். ஆயினும் புதிய இனங்கள் ஏக்கருக்குக் கூடிய விளைச்சல் தந்தன, விதை கலப்படமாயிற்று, 1989இல் அது பரிந்துரைக்கப்பட்ட இனங்களின் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. நம்மவர் வயலில் மொட்டைக்கறுப்பனுக்கு நேர்ந்ததை நினைப்போர்க்கு இக்கதையை விரிக்க வேண்டுவதில்லை. மரிஸ் ஒற்றர் மறையவில்லை. ஏன்? பீப்பாய்ப் பியர் வடிப்போர் இதே பார்லிதான் வேண்டும், விலை கூடினும் வாங்குவோம் என்று நின்றனர். தானிய வணிகர் இருவர் தூய விதையை மீட்டெடுக்கும் வேலையை 1990களில் மேற்கொண்டனர்; 2002இல் அவ்வினத்தின் உரிமையையே வாங்கினர். வடிப்போர் அவ்வாறு நின்றமைக்குக் காரணம் குடிப்போர். அவர்கள் நேற்றுக் குடித்த அதே பியரை இன்றும் கேட்டார்கள்.

ஒரு பியர் ஒருமுறை மட்டும் குடிக்கப்படும் என்றால், அதற்காக எந்தக் கமக்காரன் வயலை ஒதுக்குவான்? விதைத்து அறுக்க ஒன்பது பத்து மாதம். முளைக்கவைத்து வறுக்க ஒரு வாரம் பத்து நாள். பியருக்குக் கசப்பூட்டும் ஹொப்ஸ் கொடியோ நட்டுச் சில ஆண்டு கழித்தே முழுப்பயன் தரும். வாரத்துக்கொரு பெயரைத் தேடுவோனுடைய ஆசை இந்தக் காலக்கணக்குக்குள் அடங்காது. அவனுக்கு வேண்டிய புதுமையை வயல் கொடுப்பதில்லை; எசன்ஸ் போத்தல் கொடுக்கும். நம் தவறணையிலே பிளாவை ஏந்தி நிற்பவன் ஒரே பனையின் காலைக் கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் வேற்றுமை சொல்வான். அவன் புதுப் பெயர் தேடி அலைந்தவனல்லன். அந்தப் பனையடிக்கே நாள்தோறும் வந்தவன்.

குறியிடுவோரிடம் நாம் கேட்பது பெரிதன்று. புத்தகத்தை எரிக்கச் சொல்லவில்லை. அதன் படியொன்றைத் தம் ஊர் நூலகத்திற் கொடுத்து வைக்கட்டும், கம்பனியின் பெட்டகத்தை நம்பவேண்டாம். ஒவ்வொரு பெயரின் எதிரிலும் இன்னொரு நிரல் வரைந்து, அதை எத்தனை முறை திரும்பக் குடித்தோம் என்பதையும் எழுதட்டும். மூன்றிலொரு பைந்து அதற்கும் போதும்.