கார் சாவி மாத்துறீங்களா? பழைய ரிமோட்டை குழந்தை கையில கொடுக்காதீங்க

1/ காஞ்சிபுரம் காந்தி ரோட்டுல பட்டு எடுக்க, வரதராஜ பெருமாளை சேவிக்கன்னு குடும்பத்தோட கார்ல வர்றவங்க நிறைய பேர். வந்த இடத்துல சாவி தொலைஞ்சா திண்டாட்டம்தான். இன்னொரு சாவி இப்பவே போட்டு வைங்க.

2/ இப்போதைய சாவிக்குள்ள சிப் இருக்கு. இரும்பை மட்டும் வெட்டினா கதவு திறக்கும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. வண்டியோட கம்ப்யூட்டர்ல புது சாவியைப் பதியணும். தெரிஞ்ச ஆள்கிட்ட மட்டும் கொடுங்க. தொலைஞ்ச சாவியோட பதிவை அழிக்கவும் சொல்லுங்க.

3/ டாக்டருக்கு இதுல என்ன வேலை? பழைய ரிமோட் வீட்டுல பொம்மை ஆயிடுது. பெரும்பாலும் உள்ளே இருக்கறது 20 மி.மீ. பட்டன் பேட்டரி. குழந்தை அதை முழுங்கி உணவுக்குழாய்ல சிக்கினா, 2 மணி நேரத்துலயே திசு வெந்துடும். ரிமோட்டுக்கு உதவாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும்.

4/ சந்தேகம் வந்தாலே 108, எக்ஸ்ரே இருக்கற மருத்துவமனை. வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாழைப்பழம் கொடுத்துத் தள்ளப் பார்க்காதீங்க. ஒரு வயசு தாண்டி, விழுங்க முடியற குழந்தைன்னா போற வழியில 10 நிமிஷத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், 6 தடவைக்கு மேல வேண்டாம். தேன் தேடி நேரத்தை விடாதீங்க.

5/ என் கருத்து: சாவி போட்டுத் தர்றவரே பழைய பேட்டரியைக் கழட்டி, டேப் சுத்தி எடுத்துக்கணும். புது ரிமோட்டோட மூடி இறுக்கமா இருக்கான்னும் பார்த்துக் கொடுக்கணும். அதுவும் அந்த வேலையில சேர்ந்ததுதான். காசு கொடுக்கறீங்க, கேட்டுச் செய்ய வைங்க.