யார் யாருக்கு மார்க் போடுவது?

படிவம் ஆறு பக்கம். கடைசிப் பக்கத்தின் அடியில் ‘பிற குறிப்புகள்’ என்று போட்டு இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். அந்த இரண்டு கோட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போன வருசம் செஞ்சிப் பக்கம் ஒரு காலனிக்குத் ‘தன்னார்வ மதிப்பீட்டாள’னாகப் போனேன். அங்கே மாலைநேரப் படிப்பு மையம் ஒன்று நடக்கிறது. காசு ஒரு பெரிய கம்பெனியுடையது, நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். காசு ஒழுங்காகச் செலவாகிறதா, பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறுகிறதா என்று பார்த்துவர லீவு கிடைத்த படித்த ஆட்கள் வேண்டும். வங்கி குமாஸ்தாவுக்குக் கூட்டிக் கழிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையில் நண்பர் ஒருவர் என் பேரைக் கொடுத்துவிட்டார். வேன் வைத்தார்கள். தொப்பி கொடுத்தார்கள். ஆறு பேர் போனோம். ஊர்த்தெருவைத் தாண்டிக் காலனியில் இறங்கியதும் கூட வந்த ஒருவர், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், “ரொம்ப உள்ளடங்கி இருக்கே” என்றார். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் முந்நூறு அடி இருக்கும். அந்த முந்நூறு அடி எவ்வளவு தூரம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. தொப்பி போட்டிருந்தேன்.

வேலை சுலபம். பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைக்கணும். அட்டையை நீட்டணும். எழுத்து, சொல், பத்தி, கதை என்று நாலு படி. 2005இல் தொடங்கிய அசர் கணக்கெடுப்பு வழியாக நாடு முழுக்கப் பழகிப்போன முறை அது. அட்டை மேல் எனக்குக் கோபம் இல்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு வரி வாசிக்க வரவில்லை என்றால் அது ஊருக்குத் தெரிய வேண்டிய சேதிதான். ஏழாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி வந்தாள். கதையை ஒரே மூச்சில் படித்தாள். டிக். அடுத்த கேள்வி, ‘பள்ளியில் உனக்குப் பிடிக்காதது எது?’ கணக்கு, இங்கிலீஷ், விளையாட்டு என்று கட்டங்கள் தயாராக இருந்தன. அவள், “வெள்ளிக்கிழம” என்றாள்.

“ஏம்மா?”

“அன்னிக்குத்தான் கக்கூஸ் கழுவணும்.”

“எல்லாருமா?”

“இல்ல சார், எங்க தெரு புள்ளைங்க மட்டும்.”

இதற்குக் கட்டம் இல்லை.

மையத்தில் பாடம் நடத்துகிறவர் அதே காலனிப் பெண். பி.எஸ்சி. படித்தவர். மாசம் மூவாயிரம் ரூபாய். பிள்ளை சொன்னதைக் கேட்டதும் அவருக்கு முகம் செத்துப்போனது. “சார், அத மட்டும் எழுதாதீங்க. வருசா வருசம் ஹெட்மாஸ்டர்கிட்ட ஒத்துழைப்புக் கடுதாசி வாங்கணும். அவரு குடுக்கலன்னா மையத்த மூடிருவாங்க.” நான் எழுதினேன். இரண்டு கோட்டில் எவ்வளவு அடங்குமோ அவ்வளவு.

மூணு மாசம் கழித்து வழவழப்பான தாளில் அறிக்கை வந்தது. அட்டையில் நம்ம புள்ளைங்க சிரிக்கிறார்கள். அந்த மையத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள். அதில் ஒரு வரி: பள்ளியின் சுகாதாரப் பணிகளில் குழந்தைகள் ஆர்வத்துடன் பங்கேற்கிறார்கள்.

எழுதியவர் கெட்டவராக இருக்கணும் என்று இல்லை. நானூறு படிவத்தை உட்கார்ந்து சுருக்கிய யாரோ ஒரு தம்பி. கழிவறை என்ற சொல்லைப் பார்த்ததும் சுகாதாரம் என்ற தலைப்பு ஞாபகத்துக்கு வந்திருக்கும். சாதி என்ற தலைப்பு அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை. நமக்கு நடக்கிற கொடுமை காகிதத்தில் நம்முடைய நல்ல பழக்கமாக மாறுவதற்கு ஒரு வில்லன்கூடத் தேவைப்படவில்லை, தோழர்களே.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடணும். சட்டம் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் மேடையில் அது ‘கருணை’யாகிவிடுகிறது. 2021இல் வந்த விதிப்படி, வருசத்துக்குச் சராசரி 10 கோடியும் அதற்கு மேலும் செலவிடக் கடமைப்பட்ட கம்பெனி, 1 கோடியும் அதற்கு மேலுமான திட்டங்களுக்கு வெளியாளை வைத்துத் தாக்க மதிப்பீடு செய்யணும். அந்த மதிப்பீட்டுச் செலவுக்கு முதலில் 5 சதவீதம் அல்லது 50 லட்சம், இதில் எது குறைவோ அது என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2022இல் அதைத் திருத்தி 2 சதவீதம் அல்லது 50 லட்சம், எது அதிகமோ அது என்று ஆக்கினார்கள். குறைவு அதிகமாக மாறியதைக் கவனியுங்கள். பாடம் நடத்துகிற பொண்ணுக்கு மூவாயிரம். அவள் பாடம் நடத்துகிறாளா என்று பார்க்க 50 லட்சம் வரை கணக்கில் எழுதிக்கொள்ளலாம். எங்களைப்போலச் சும்மா போகிற தொப்பிக்காரர்கள் சின்ன ஆட்கள். ஆனாலும் எங்கள் படிவம் அந்தப் பெரிய மதிப்பீட்டைப் பார்த்து எழுதிய காப்பிதான்.

‘தன்னார்வலர்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். 2021இல் அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய்க்குப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் தன்னார்வலர் என்றுதான் பேர். வேனில் வந்து மார்க் போட்டுவிட்டுப் போகிறவருக்கும் அதே பேர். ஒருத்தருக்கு அது கூலியைக் குறைக்கிற சொல். இன்னொருத்தருக்கு கௌரவம்.

இது புதுக்கதை இல்லை. 1932இல் பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு தீண்டாமை ஒழிப்புக்கென்று தொடங்கிய அமைப்புதான் பிறகு ஹரிஜன சேவா சங்கம் ஆனது. அம்பேத்கரும் தொடக்கத்தில் அதன் மத்தியக் குழுவில் இருந்தார். அந்த நவம்பரில், கப்பலில் போகும்போதே, அதன் செயலாளர் தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். தீண்டப்படாதவரின் நிலைக்கு அவரவர் நடத்தைதான் காரணம் என்று நினைத்தால் பள்ளி, நூலகம், மதுவிலக்கு என்று தனியாட்களைத் திருத்துகிற வேலையைச் செய்யலாம். சூழல்தான் காரணம் என்றால் கிணறு, பள்ளி, சாவடி, வேலை இவற்றில் உரிமைக்காக மோதணும், நான் இரண்டாவது பக்கம் என்று பிரித்துக் காட்டினார். சங்கம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவர் வெளியே வந்தார். நிர்வாகத்தில் இடம் கேட்டுப் போன தீண்டப்படாதவர்களுக்கு காந்தி சொன்ன பதிலையும் அம்பேத்கர் 1945இல் எழுதிய புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார்: இது சாதி இந்துக்கள் செய்கிற பிராயச்சித்தம், பணமும் அவர்களுடையது, ஆகவே நடத்துவதும் அவர்களே. பிராயச்சித்தம் இன்றைக்குச் சமூகப் பொறுப்பு ஆகியிருக்கிறது. நிர்வாகம் அதே கையில்.

நம்ம ஆள் மதிப்பீடு செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள். பள்ளிக்கூடத்தில் நமக்கென்று வைத்த தனிப்பானையை உடைத்த பையன். 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராகி நாடு முழுக்கச் சுற்றினார். 1969இல் அறிக்கை கொடுத்தார். அவர் சோதித்தது பிள்ளையை இல்லை. கிணற்றையும் டீக்கடையையும் பள்ளியையும் கோயிலையும் போலீசையும்.

“வர்றதையும் ஏன் கெடுக்கிற? டியூசன் இல்லன்னா அந்தப் புள்ளைங்க தெருவுல நிக்கும்” என்கிறார் ஒரு தோழர். நியாயமான கேள்வி. அந்த மையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசு விடுதியில் படித்தவன் நான். ஆய்வுக்கு ஆபீசர் வருகிற அன்றைக்கு மட்டும் முழு முட்டை போடுவார்கள். தினம் ஆய்வு வரணும் என்று சாமி கும்பிட்டிருக்கிறோம். முட்டையை வேண்டாம் என்று சொல்கிற கொழுப்பு எனக்கு இன்றைக்கும் இல்லை. ஆனால் எங்கள் கிளைக்குத் தணிக்கை வந்தால் வேர்ப்பது மேனேஜருக்கு. கடன் கொடுத்தவன் விதிப்படி கொடுத்தானா என்று முதலில் அவன் கழுத்தைத்தான் பிடிப்பார்கள். தர்ம உலகத்தில் மட்டும் தணிக்கை முழுக்க வாங்குகிறவன் பக்கம். ஹெட்மாஸ்டருக்குப் படிவம் உண்டா? கம்பெனிக்கு உண்டா? உதவித்தொகை வராமல் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு என் கவுன்ட்டருக்கு நாலு தடவை அலைகிற அம்மா, ‘ஆதார் இணையல’ என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற எனக்கு மார்க் போட முடியுமா? போட்டால் நான் பெயிலாவேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

மதிப்பீட்டுக்குப் போகிற மாணவத் தோழர்களுக்கு ஒன்று. போங்கள். அட்டையையும் நீட்டுங்கள். ஆனால் பள்ளியில் யார் எங்கே உட்காருகிறார்கள், தண்ணியை யார் மொள்ளுகிறார்கள், விளக்குமாற்றை யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதைப் படிவத்தில் மட்டும் எழுதிவிட்டு வேன் ஏறாதீர்கள். நான் ஏறினேன். 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த தலைமையாசிரியை 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். அங்கே பிள்ளையின் வாயிலிருந்து வந்த பேச்சு போலீசு வரைக்கும் போனது. என்னிடம் சொன்ன பிள்ளையின் பேச்சு வழவழப்பான தாள் வரைக்கும்தான் போயிருந்தது.

அறிக்கையைப் பார்த்த பிறகு தனியாகத் திரும்பப் போனேன். இந்தத் தடவை பஸ்ஸில். அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு அந்த வரியைப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். “ஆர்வத்தோடவா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போனோம். மனுவில் அம்மா கையெழுத்து, நாலு வீட்டுக்காரர்கள் கையெழுத்து. டீச்சர் கேட்டுவரை வந்தார். உள்ளே வரவில்லை. “எம்பேரு வேணாம் சார்” என்றார். போடவில்லை.

மனு கொடுத்து ஏழு வாரம் ஆகிறது. பள்ளிக்கு ஒருத்தர் வந்து விசாரித்துவிட்டுப் போனாராம். முதலில் கூப்பிட்டது அந்தப் பிள்ளையைத்தான். பக்கத்திலேயே ஹெட்மாஸ்டர் நின்றிருந்தார்.