மாத்திரை நினைவூட்டலுக்குப் பதில் வந்தால் படிப்பது யார்?

நாள்பட்ட நோய்களுக்கு மருந்து எழுதித் தரப்பட்டவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே சுமார் பாதிப் பேர்தான் அதை முறையாகச் சாப்பிடுகிறார்கள் என்று 2003-இல் சொன்னது உலக சுகாதார அமைப்பு. தினமும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் இது சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மறதி மட்டுமே காரணம் என்றால் சரியாகலாம். மாத்திரை தீர்ந்துபோனவருக்கும், தலைசுற்றலுக்குப் பயந்து நிறுத்தியவருக்கும் நினைவூட்டல் என்ன செய்யும்? அவர்கள் சொல்வதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

கென்யாவில் 538 எச்.ஐ.வி. நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை ஸ்வாஹிலி மொழியில் நலம் விசாரித்து ஒரு செய்தி போகும். நோயின் பெயரோ மருந்தின் பெயரோ அதில் இராது. நலமா, பிரச்சினையா என்று 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். பிரச்சினை என்றாலும், பதிலே வராவிட்டாலும் மருத்துவமனையிலிருந்து போன் வரும். செய்தி பெற்றவர்களில் 57 சதவீதம் பேருக்கு வைரஸ் கட்டுப்பட்டது. செய்தி பெறாதவர்களில் 48 சதவீதம் பேருக்கு. கராச்சியில் 2,207 காசநோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வந்தது. அங்கே தினமும் செய்தி போனது. மாத்திரை போட்டதும் பதில் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் மறுபடியும் செய்தி போகும். இரு பிரிவிலும் சிகிச்சை வெற்றி 83 சதவீதமே. நோயும் சூழலும் வேறு என்பதால் இந்த முடிவுகள் மாறுபட்டதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனாலும், பதிலுக்குப் பின் நடந்ததில் உள்ள வேறுபாடு கண்ணில் படுகிறது.

பதில் கேட்காத செய்தியும் பலன் தந்திருக்கிறதே என்று 2011-இல் வெளியான இன்னொரு கென்ய ஆய்வைச் சுட்டலாம். உண்மைதான், அதிலும் வாரச் செய்திதான் உதவியது, தினச் செய்தி உதவவில்லை. தினமும் ஒலிப்பது காதில் ஏறாமல் போய்விடுவது காரணமாக இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார் என்பது அடுத்த கேள்வி. இந்தியக் காசநோய்த் திட்டம் பயன்படுத்திய ஒரு முறையில், மாத்திரையைப் பிதுக்கினால் அட்டையின் உள்ளே மறைந்திருந்த எண் தெரிந்தது. அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாலே போதுமாக இருந்தது. பதில் சொல்ல எழுத்து தேவையில்லை.

வேலைப் பளு கூடும் என்பது நியாயமான கவலை. ஆனால் முதலில் சொன்ன கென்ய ஆய்வில் வாராவாரம் பிரச்சினை என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு தன்னார்வலர்கள் வீட்டுக்கே போகிறார்கள். நோயாளியின் பதில் அந்தப் பகுதித் தன்னார்வலருக்குப் போய்ச் சேரட்டும். அதற்கான நேரத்துக்கு ஊதியமும் சேரட்டும். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப ஒப்பந்தம் போடுவதற்கு முன், திரும்ப அழைக்கப்போவது யார் என்பதை அரசு முடிவு செய்யட்டும்.