மூன்று பாகம் தண்ணீர்

பழைய பிரெஞ்சுக் கடற்சொற்களை ஆங்கிலமாக்க ஒரு அகராதி போதும், மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும், அதிலிருந்து நாம் தமிழுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய. நான் சொல்வது: அந்த அகராதியை நம்பிப் போனால் கப்பல் தரைதட்டும்.

‘பிராஸ்’ என்றொரு பிரெஞ்சுச் சொல். ஆழத்தை அளப்பது. ஆங்கிலத்தில் ‘ஃபேதம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்கள். இரண்டுமே விரித்த கைகளின் நீளத்திலிருந்து பிறந்தவை. நம்மூர் ‘பாகம்’கூட அதேதான். ஆனால் பழைய பிரெஞ்சு மாலுமியின் பிராஸ் 5 பிரெஞ்சு அடி, 1.62 மீட்டர். ஆங்கிலேயனின் ஃபேதம் 6 ஆங்கில அடி, 1.83 மீட்டர். வரைபடத்தில் 3 பிராஸ் என்றால் தண்ணீர் 4.87 மீட்டர்தான். 3 ஃபேதம் என்று மாற்றினால் படிப்பவன் 5.49 மீட்டர் என்று நம்புவான். 5 மீட்டர் அமிழும் கப்பல் அங்கே வந்தால் என்னாகும்?

ரெண்டு அடிக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்காதீர்கள். எங்கள் புதுக்கோட்டைக் கடல் பாக் விரிகுடா. கரையோரத்தில் பல இடங்களில் ஆழம் 10 மீட்டரைத் தொடாது. இங்கே ரெண்டு அடி பெரிய விஷயம். என் தொழிலில் இதற்குப் பிரபலமான உதாரணம் உண்டு. 1999இல் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் அழிந்தது. ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் தந்ததை இன்னொன்று நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. எண் சரியாக இருந்தது, அலகுதான் தப்பு.

அளவை விடுங்கள், கட்டளைகளுக்கு வருவோம். 1912இல் டைட்டானிக்கில் பனிப்பாறையைக் கண்டதும் கொடுத்த உத்தரவு ‘ஸ்டார்போர்டு’. அதாவது வலப்பக்கம். கப்பல் திரும்பியதோ இடப்பக்கம். யாரும் தப்பு செய்யவில்லை. அந்தக் கால உத்தரவு சுக்கானின் கைப்பிடிக்கு. கைப்பிடி வலப்பக்கம் போனால் கப்பல் இடப்பக்கம் திரும்பும். அகராதிக்கு இது தெரியாது. சுக்கான் பிடித்தவனுக்குத் தெரியும்.

வில்லியம் ஃபால்கனர் 1769இல் வெளியிட்ட கடல் அகராதி இதனால்தான் இன்றும் மதிக்கப்படுகிறது. பின்னிணைப்பாக பிரெஞ்சுக் கடற்சொற்களுக்கு ஆங்கில விளக்கமும் தந்தார். அவர் கப்பலில் வேலை பார்த்தவர், கப்பல் உடைந்து பிழைத்தவர். கடைசியில் இந்தியாவுக்குக் கிளம்பிய கப்பலோடு காணாமலும் போனவர்.

நம்மிடம் நடப்பது என்ன? புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் ‘ஷெலேங்’ என்று எழுதியது நம் சலங்கைத்தான். அதே படகை சென்னை ஆங்கிலேயர் ‘மசூலா’ என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் ‘மசூலா படகு’ என்று எழுதுகிறார். நம் வீட்டுப் பிள்ளையை வேற்றாள் என்று அறிமுகம் செய்கிற மாதிரி.

மீனவர் சொல் தூய தமிழில்லை என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். ஆமாம், மாலுமியும் சுக்கானும் அரபியிலிருந்து வந்தவை, நங்கூரம் பாரசீகத்திலிருந்து. இவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு எந்தக் கப்பலை ஓட்டப்போகிறீர்கள்? முன்பக்கத்துக்கு ‘அணியம்’ என்று அருமையான சொல் இருக்கும்போது ‘முன்முனை’ என்று புதிதாகச் செய்வதுதான் தமிழ்ப்பற்றா?

அவசரம் இருக்கிறது. டீசல் என்ஜின் வந்ததும் பாய் போனது. பாயோடு பருமலும் தாமானும் போகின்றன. ஜிபிஎஸ் வந்தபின் கொண்டலும் கச்சானும் வழி சொல்லத் தேவைப்படுவதில்லை. பாய் விரித்து ஓடியவர்கள் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் வயசாளிகள்.

கடல் நாவலை மொழிபெயர்க்க உட்காரும் நண்பர்களே, முதலில் பஸ் பிடித்து அங்கே போங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். அகராதியை அப்புறம் திறந்துகொள்ளலாம், அது எங்கேயும் போய்விடாது.