பாசி என்னும் ஒற்றைச் சொல்லும் மயில்துத்தமும்



பள்ளி மீன்குளத்து நீர் பச்சையாகிவிட்டால் நம்மவர் செய்யும் முதற்செயல் மூக்கைச் சுளிப்பது. இரண்டாவது, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அதனைத் தூய்மைக்கேடு என்று முறையிடுவது. மூன்றாவதாக எவரேனும் ஒருவர் எழுந்து, "கொஞ்சம் மயில்துத்தம் போட்டால் இரண்டே நாளில் தெளிந்துவிடும்" என்று மருந்து சொல்வார். கூட்டமும் தலையசைக்கும். இந்த மூன்றாம் செயலைக் கண்டிக்கவே இதனை எழுதுகிறேன். ஆயினும் முதலிரண்டையும் அப்படியே விட்டுவிடுவதற்கில்லை. நோய் தொடங்குவது அங்கேதான்.

நீரில் பச்சையாகத் தென்படும் அனைத்தையும் 'பாசி' என்று ஒரே சொல்லால் சுட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் எத்தனை குலங்கள் அடைபட்டுக் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? கண்ணாடிக்கு மூலமான சிலிக்காவால் கூடு கட்டிக்கொண்டு வாழும் டயாட்டம் ஒன்று. சுருள்வில் போன்ற பசுங்கணிகத்தைத் தன்னுள் வைத்திருக்கும் ஸ்பைரோகைரா மற்றொன்று. சாட்டை போன்ற இழையைச் சுழற்றி நீந்தும் யூகிளினா வேறொன்று. இவற்றுக்கெல்லாம் உட்கரு உண்டு. 'நீலப்பச்சைப் பாசி' எனப்படும் சயனோபாக்டீரியாவுக்கோ உட்கருவே கிடையாது. அது பாசியே அன்று, பாக்டீரியா. நமக்கும் காளானுக்கும் உள்ள உறவைக் காட்டிலும் அதற்கும் ஸ்பைரோகைராவுக்கும் உள்ள உறவு தொலைவானது.

ஆனால் நாம் வகுப்பில் என்ன செய்கிறோம்? நுண்ணுயிர்களைப் பாக்டீரியா, வைரசு, பூஞ்சை, புரோட்டோசோவா, பாசி என ஐந்து பெட்டிகளில் அடைத்து மனனம் செய்யச் சொல்கிறோம். "பச்சையம் உள்ள பாக்டீரியா உண்டா, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டால், அது தேர்வில் வராது என்று அமர்த்திவிடுகிறோம். இன்று நாம் மூச்சிழுக்கும் உயிர்வளி, ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தச் சயனோபாக்டீரியாவின் ஒளிச்சேர்க்கையால்தான் காற்றில் சேரத் தொடங்கியது. மரஞ்செடிகளின் இலைக்குள் இருக்கும் பசுங்கணிகமே, பழங்காலத்தில் வேறோர் உயிரணுவுக்குள் குடிபுகுந்த சயனோபாக்டீரியாவின் வழிவந்ததுதான். இப்படிப்பட்ட உயிரைப் பெட்டிக்குள் அடங்கவில்லை என்பதற்காகக் கதவுக்கு வெளியே நிறுத்துவது என்ன கல்வி?

"இதற்குத்தான் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும்" என்று சிலர் உடனே தொடங்கிவிடுவர். 2003ஆம் ஆண்டு தொட்டு இந்தப் பல்லவியைக் கேட்டுச் செவி புளித்துவிட்டது. ஆங்கிலேயரும் அதனை நீலப்பச்சைப் பாசி என்றே பெயரிட்டு அழைத்தனர். நாம் அதனை மொழிபெயர்த்துக்கொண்டோம். பிழை மொழியில் இல்லை, பாராமையில் இருக்கிறது. ஊரார் நீருண்ணும் கேணியில் தொடுந்தொறும் விலகி, கையெடுத்ததும் மீண்டும் வந்து மூடிக்கொள்ளும் பாசியைப் பசலைக்கு உவமையாக்கிய பரணர், அதனைக் குனிந்து பார்த்தவர். குறுந்தொகைக்கு உரை சொல்லும் நாம் குளத்தைக் குனிந்து பார்ப்பதில்லை.

இனி மயில்துத்தத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்த பாம் தீவில், 1979ஆம் ஆண்டு, குடிநீர் அணைக்கட்டில் பச்சை படர்ந்தது. நீர் நாறுகிறது என்று மக்கள் முறையிட, மயில்துத்தம் தெளிக்கப்பட்டது. படலம் அழிந்தது. அடுத்த சில நாள்களில் வாந்தியும் ஈரல் வீக்கமும் கண்டு 148 பேர் நோயுற்றனர். அவர்களுள் 138 பேர் குழந்தைகள். அந்நீரில் இருந்தது நச்சு சுரக்கும் சயனோபாக்டீரியா என்பது பின்னர்தான் தெரியவந்தது. உயிரோடு இருந்தவரை நச்சின் பெரும்பகுதியை அது தன் உடலுக்குள் வைத்திருந்தது. மருந்து அதன் உடலை உடைத்து நச்சை நீரில் கொட்டிவிட்டது. நீர் தெளிந்தது, ஊர் நோயில் விழுந்தது!

"நம் பிள்ளைகள் மீன்குளத்து நீரையா குடிக்கிறார்கள்?" என்று கேட்கலாம். குடிப்பதில்லை, கையை விட்டு அளைவார்கள். மீன்களுக்கோ வேறு நீர் இல்லை. செம்பு மீன்களுக்கும் நஞ்சுதான். படலம் ஒருசேர மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியும் தீர்ந்துபோகும். செம்பு சேற்றில் தங்கிவிடும். பச்சை படரக் காரணமான நைட்ரஜனும் பாசுவரமும் அப்படியே இருக்கும். அடுத்த மாதம் மீண்டும் பச்சை, மீண்டும் மயில்துத்தம்.

அளவுக்கு மீறி இறைக்கும் மீன் தீனியும், தோட்டத்து உரம் மழையில் வழிந்து சேர்வதும், அள்ளப்படாத சருகுமே குளத்தைப் பச்சையாக்குகின்றன. நம் நாட்டு ஏரிகளின் நிலையும் வேறன்று. 2005ஆம் ஆண்டில் தேசிய நீரியல் ஆய்வுக் கழகம் (நாரிம்) ஆராய்ந்த 90 ஏரிகளில் 62 விழுக்காடு ஊட்டம் மிகுந்து கெட்டிருந்தன. ஆகவே தீனியைக் குறையுங்கள், குளத்தோரம் உரமிடுவதை நிறுத்துங்கள், நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றுங்கள். மயில்துத்தப் பொட்டலத்தைவிட இதற்குப் பொறுமை கூடுதலாக வேண்டும், அவ்வளவே.

சயனோபாக்டீரியா தீயது, மெய்ப்பாசி நல்லது என்று புதிய பெட்டி செய்துவிடவும் வேண்டா. சபாக் கடலில் 1976 முதல் சிப்பி உண்டோரின் உயிரைக் குடித்துவரும் செந்நீர்ப் பெருக்கு, உட்கரு உடைய பைரோடினியத்தின் வேலை. மாறாக, அசோலா என்னும் நீர்ப்பெரணிக்குள் வாழும் சயனோபாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்து நெல்வயலுக்கு உரமாக்குகிறது.

ஆசிரியர்கள் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கையுறை அணிந்து, நீண்ட குச்சியால் பச்சைப் படலத்தைத் தூக்குங்கள். ஈரக் கூந்தல் போல் குச்சியில் தொங்கினால் பெரும்பாலும் இழைப்பாசி. சாயத்தில் தோய்த்தது போல் குச்சியில் பூசிக்கொண்டால் சயனோபாக்டீரியா என ஐயுற வேண்டும்; பிள்ளைகளைக் குளத்தருகே விடாதீர்கள். அந்நீரைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து அசையாமல் ஓரிரவு வையுங்கள். சயனோபாக்டீரியாவில் பல, உடலுக்குள் வளிப்பைகள் உடையவை. காலையில் மேலே மிதந்து வளையமாக நிற்கும். மற்றவை பெரும்பாலும் அடியில் படியும். இச்சோதனை நச்சு உண்டா இல்லையா என்று சொல்லாது. புட்டியை மூடியபடியே ஆறாம் ஆண்டு மாணவரிடம் காட்டி, ஐந்து பெட்டிகளில் இதனை எதில் வைப்பது என்று கேளுங்கள்.